தங்கைக்காகப் பழக்கிய ஷூ

போன மே மாதம் தங்கை இமயமலை ஏறப் புறப்பட்டாள். அந்த ஆசையை முதலில் சொன்னவள் நான். லீவு கிடைத்தது அவளுக்கு.

புது ஷூ காலைக் கடிக்கும், பழக்கித் தா என்றாள். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. பத்து நாள் அதைப் போட்டுக்கொண்டு திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறி இறங்கினேன். குதிகாலில் கொப்புளம் வெடித்தது.

அவளுடைய கம்பளிச் சட்டைகளை வியர்க்க விறுவிறுக்க மடித்துப் பையில் அடுக்கியதும் நான்தான்.

"அங்க அம்புட்டுக் குளிருமாம்க்கா" என்றாள். நன்றாகக் குளிரட்டும் என்று, கிளவுஸை மட்டும் பையின் அடியில் திணித்தேன்.

திரும்பி வந்தவள் சொன்னாள்: "கிளவுஸத் தேடுறதுக்குள்ள உசுரு போயிருச்சு. ஆனா ஷூ ஒரு இடத்துலகூடக் கடிக்கலக்கா."

எப்படிக் கடிக்கும்? கடிக்க வேண்டியதையெல்லாம் என் காலில் கடித்து முடித்துவிட்டுத்தானே அது ரயிலேறியது.