கட்டின் மேல் ஒரு சொட்டு

எல்ல என்ற மலையூரில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் பல் துலக்கவும் சீல் உடைக்காத போத்தல் தண்ணீர்தான் வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை வாயில்கூட வைக்கமாட்டார்கள். அறை கூட்டும்போது நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அப்பா தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கான் வெட்டுகிறவர். தேயிலைக்கு நடுவே மழைத் தண்ணீர் வடிகிற வாய்க்காலைத்தான் கான் என்போம். போன மாரியில் அதில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தகடு வைத்து ஒப்பரேஷன் செய்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது. ஈஸ்டருக்குள் எழுந்து நடப்பார் என்றார்கள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் காலி மருந்துப் போத்தலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அப்பாவின் கட்டிலருகே நின்று விரலை நனைத்து, கட்டுத் துணியின் மேல் சின்னதாக ஒரு சிலுவை போடுவாள். அவ்வளவுதான். புண்ணைத் தொட்டதே இல்லை.

அடுத்த வாரமே புண் பழுத்தது. சீழ் பச்சையாக இருந்தது. இனிப்பும் நாற்றமும் கலந்த ஒரு வாடை, இன்றைக்கும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. தண்ணீரில் வாழ்கிற கிருமி என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற நர்ஸ் அம்மாவின் கையிலிருந்த போத்தலைப் பார்த்துவிட்டார். ஏசத் தொடங்கினார் பாருங்கள், சிங்களத்தில், வாட்டு முழுக்கக் கேட்கும்படி. தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதாம். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதி போதும். எனக்கு முழுவதும் புரிந்தது. நான் வாயைத் திறந்தால் அந்தக் கோபம் அப்பாவின் கட்டிலில்தான் வந்து விடியும்.

பிறகு பக்கத்துக் கட்டிலில் இருந்த ரிட்டயர்ட் சிங்கள வாத்தியாருக்கும் புண் பச்சையானது. எதிரே இருந்த பையனுக்கும் அப்படியே. அவர்களுக்குத் தீர்த்தம் போட யாரும் வரவில்லை. ஒரு நாள் போனபோது, கட்டு மாற்றும் அறையின் குழாயைப் பொலித்தீன் பையால் மூடி, சுற்றிச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நோயாளிகளின் புண்ணைக் கழுவுகிறவர்கள் கை கழுவும் குழாய் அது. ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். ரிப்பேர் என்றார்கள். இளம் டொக்டர் ஒருவர் மட்டும் நின்று பதில் சொன்னார்: அந்தக் குழாயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அன்றைக்கு பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஒன்னால இல்லம்மா. அந்தக் கொழாய்லதான் ஏதோ கோளாறு. மூணு பேருக்கும் வந்திருக்குல்ல?"

"கொழாய மூடிட்டாங்க, சரி. போத்தல நான்தானே கொண்டு போனேன்?"

"நீ துணி மேலதானேம்மா தொட்ட?"

"ஈரந்தானே ஊறும்," என்றாள். டொக்டரால் சொல்ல முடியாத நிச்சயத்தை நான் எங்கே போய் வாங்கி வருவது?

மருந்து மாற்றி மருந்து ஏற்றியும் கிருமி அடங்கவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நர்ஸும் மன்னிப்புக் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. ஈஸ்டர் பூசைக்கு அப்பாவை ஆட்டோவில் கூட்டிப்போனோம். அம்மா கோயில் வாசலில் எல்லோரும் விரல் நனைக்கும் தீர்த்தத் தொட்டியைத் தொடாமல் உள்ளே போனாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

அப்பா அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களிடம், "நம்ம நேரம், வேற என்ன," என்பார். டவுனில் கிளினிக்கில் சொல்லிக்கொடுத்தார்களோ என்னவோ, இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அம்மா குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால், கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்பார்.

"காய்ச்சினதா புள்ள?"

"ஆமாங்க," என்பாள் அம்மா. அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பாள்.