குவைத்திலிருந்து ஐந்து மணி நேரம்

எங்கள் தெரு முனை எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் எப்போதும் வியர்வையும் ஊதுபத்தியும் கலந்த ஒரு புழுக்க வாசனை நிற்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, எங்கள் குப்பத்துக்கு வெளிநாட்டுச் செய்தி எதுவானாலும் அந்தக் கூண்டின் வழியாகத்தான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஏழாம் வகுப்பில் படித்த ஆண்டு, கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை இறந்துபோனார். ஒரே மகன் செல்வம் அண்ணன் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலை பூத்துக்குப் பேசியவர் இவ்வளவுதான் சொன்னார்: மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விமானம், அம்மா முகத்தைத் தான் பார்க்காமல் எடுத்துவிட வேண்டாம்.

படகு கரை திரும்பும் நேரத்தைக் காற்றை வைத்தே சொல்லிவிடுகிற எங்கள் ஆட்களுக்கு விமானத்தின் கணக்கு தெரியாது. அத்தையின் தம்பி ஏழுமலை மாமா என்னைக் கூப்பிட்டார்.

“இந்தாம்மா, மேப்பு புக்கு வச்சிகினு கீறியே, அவன் எத்தினி மணிக்கு வருவான்னு பாத்து சொல்லு.”

நான் அட்லஸை விரித்து ஸ்கேலை வைத்து அளந்தேன். ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர். மணிக்கு எண்ணூறு வீதம் ஐந்து மணி நேரம். ஒன்பதுக்குக் கிளம்பினால் பகல் இரண்டு. மீனம்பாக்கத்திலிருந்து கார் வர இன்னும் இரண்டு மணி நேரம்.

“நாலு மணிக்கு வந்துடுவாரு மாமா.”

“டீச்சரம்மாவே சொல்லிடுச்சி, அப்பால இன்னா,” என்றார் யாரோ. சாவு வீட்டிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை நாலு ஆனது, நாலரை ஆனது. “பொழுது சாஞ்சா எடுக்கக் கூடாது, ரெண்டாவது ராத்திரி வைக்கக் கூடாது” என்பது குப்பத்தின் வழக்கம். மகன் வருவது உறுதியென்றால் அந்த வழக்கம் ஓர் இரவு வளைந்துகொடுக்கும். அந்த உறுதியைக் கெடுத்தது என் கணக்கு.

“பிளேன் ஏறியிருந்தா இந்நேரம் வந்திருப்பான். லீவு குடுத்திருக்க மாட்டானுங்க,” என்றார் மாமா. ஐந்தே காலுக்கு எடுத்தார்கள்.

செல்வம் அண்ணன் ஏழு மணிக்கு வந்து இறங்கினார்.

“சொன்ன பிளேன்லதான் வந்தேன் மாமா. அங்க ஒம்போதுன்னா இங்க பதினொண்ணரை. அதுகூடவா தெரியாது? கொஞ்ச நேரம் வச்சிகினு இருக்கக் கூடாதா?”

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“ஐஸ் தாங்கல நைனா. ஒடம்பு வேற மாரி ஆயிடுச்சி. நீ பாக்காததே நல்லது.”

வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஐஸ் பார்கள், மரத்தூள் மூடி, உடைக்காமலே கிடந்தன. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பூத் இருந்த இடத்தில் இப்போது அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுகிறார்கள். விமானம் எந்தக் கடலுக்கு மேல் வருகிறது என்பதைக் கைப்பேசியே காட்டிவிடுகிறது. ஏழுமலை மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். குவைத் வேலையை விட்டு வந்த செல்வம் அண்ணன் மட்டும் அதே வீட்டில் இருக்கிறார். போன மாதம் ஒரு சாவுக்குப் போயிருந்தபோது, குளிர்பெட்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“எங்கம்மாவுக்கு இதெல்லாம் இல்லம்மா. எப்டி ஆயிருந்திருக்கும்னு நெனச்சா, இன்னிக்கும் சோறு எறங்க மாட்டேங்குது.”

ஐந்தே கால் வரைக்கும் அத்தையின் முகம் தூங்குகிறவர் முகம் போலத்தான் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.