மூன்று கன்ட்ரோலரும் ஒரு பாலமும்

ரிப்பேர் தொழிலில் இருப்பவனுக்கு முதல் எதிரி பழுது அல்ல. அந்தப் பழுதுக்குக் காரணம் தனக்குத் தெரியும் என்று வந்து நிற்கிற வாடிக்கையாளர்தான். மிக்ஸியோ, டி.வி.யோ, போட் எஞ்சினோ, எதன் வயிற்றையாவது திறந்து வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சக பாவிகள் இதை ஒப்புக்கொள்வீர்கள். நான் பழவேற்காடு பஜாரில் பழைய பெட்ரோல் பைக்குகளை பேட்டரி வண்டியாக மாற்றிக் கொடுக்கிறேன். பேட்டரியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மோட்டார் சக்கரத்துக்குள் போய் ஒளிந்துகொள்வதால் அதுவும் தப்பித்தது. இரண்டுக்கும் நடுவில் டிபன் பாக்ஸ் அளவில் ஓர் அலுமினியப் பெட்டி இருக்கிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகினால் எவ்வளவு கரண்ட் மோட்டாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். கன்ட்ரோலர் என்று பெயர். ஏரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மீனவர் குப்பத்தில் இதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரே உயிர் அங்கே கட்டியிருக்கும் ஆடுதான்.

ஐஸ் வைத்தியம்

என்னிடம் முதலில் வண்டி மாற்றியவர் முனுசாமி. பஜாரிலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறி, குப்பத்துப் படகுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. கன்ட்ரோலர் சூடாகிறது என்று ஒருநாள் போன் செய்தார். காற்று படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள் என்றேன். நாலாம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். சீட்டைத் தூக்கினால் கன்ட்ரோலரைக் காணோம். ஒயர் மட்டும் பின்னால் போய் ஐஸ் பெட்டிக்குள் நுழைந்தது. மூடியைத் திறந்தேன். நொறுக்கிய ஐஸுக்கு நடுவில், இரண்டு வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தது என் கன்ட்ரோலர். உள்ளே அரை டம்ளர் தண்ணீர்.

அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது அந்த ஒயரைப் பார்த்துத்தான். நீளம் போதாமல் இன்னொரு ஒயரை முறுக்கிச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தார். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிறவன் கையை ஒடிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பஜாரில் நாலு பேர் கூடி நின்று கேட்டார்கள். முனுசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஐஸில் வைத்ததற்கு மட்டும் விளக்கம் சொன்னார்:

"மீனே மூணு நாள் கெடாம கீது, இரும்பு கெட்டுடும்னு யாரு பாய் நெனப்பாங்க?"

கையில் தூக்கிப் பார்த்தல்

முனுசாமியின் அண்ணி தேசம்மாவும், எதிர்வீட்டு ஏழுமலையும் அடுத்து வண்டி கொடுத்தார்கள். ஏழுமலைக்கு வண்டி எதற்கு என்று அல்லாவுக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து வீடு. தேசம்மா கதை வேறு. அவர் பொன்னேரிக்கு மீன் கொண்டுபோய் விற்கிறவர். ஒருநாள் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, நாறுகிறது என்று கண்டக்டர் அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். வெயிலில் மீனோடு ரோட்டில் நின்ற அன்றைக்கே, இனி பஸ் படி மிதிப்பதில்லை என்று முடிவு செய்தார். நாற்பத்தேழு வயதில் காட்டூர் ரோட்டில் விழுந்து எழுந்து வண்டி ஓட்டப் பழகினார். அதனால் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: கூடையோடு பாலம் ஏறும்போது வண்டி நிற்கக் கூடாது.

தண்ணீரில் போன முனுசாமியின் கன்ட்ரோலருக்கும் சேர்த்து, மூவருக்கும் ஒரே மாதிரி புதுக் கன்ட்ரோலர் அனுப்பச் சொன்னேன். சென்னை வியாபாரி மூன்று விதமாக அனுப்பிவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்றார். ஒன்று பெரியது, முதுகில் வரி வரியாகச் சூடு தணிக்கும் பட்டைகள். ஒன்று சின்னது. இன்னொன்று மலிவு, ஓடும்போது நாய் மாதிரி கத்தும். குப்பத்தில் அதற்கு ஊளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் மீட்டர் வைத்து, காலி ரோட்டில் ஓட்டி, நோட்டில் எழுதி மூன்றையும் ஒப்பிட்டேன். தேசம்மா வந்து ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார், திருப்பினார், சின்னதை என் நோட்டின் மேலேயே வைத்தார்.

"கனம் இல்லாதது கருவாட்டுக்குக்கூட ஆவாது, இத எனக்கு மாட்டிடாத பாய்."

சீட்டு

நானும் பெரியதைத்தான் அவருக்கு வைத்திருந்தேன். பாரம் அதிகம், பெட்டியும் பெரியது. ஊளை முனுசாமிக்கு, சின்னது டீக்கடைக்கு. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. மாட்டுவதற்குக் குப்பத்துக்குப் போனேன். அங்கே நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்குப் பெரியது, ஒருத்தருக்குச் சின்னது என்று கொடுப்பதற்கு நான் யார் என்று கேட்டார்கள்.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் படாது. அதனால் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டுக்கொண்டு, முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். அதைப் பாடு என்பார்கள். ஏரிக்கு அது நல்ல ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. இவர்கள் கன்ட்ரோலருக்கும் பாடு போட்டார்கள். மூன்று சீட்டைச் சட்டியில் போட்டுக் குலுக்கினார்கள். பெரியது டீக்கடைக்கு வந்தது. ஊளை முனுசாமிக்கு. தேசம்மாவுக்குச் சின்னது. இது அநியாயம் என்றேன். வாராவாரம் மாற்றிவிடு, மூன்று வாரத்தில் எல்லோருக்கும் எல்லாம் வந்துவிடும் என்றார்கள். மாற்றுவது என்றால் எத்தனை ஒயர், எத்தனை திருகு என்று கணக்குச் சொன்னேன். படித்த முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன், ஒழுங்கு முறையோடு கூடிய இந்த மாதிரி முட்டாள்தனத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏழுமலை மட்டும் பெரிய பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"பாடு மாறலன்னா சண்ட வரும், ஸ்க்ரூ மாத்துனா உனக்குக் கை வலிதானே வரும்."

நான் சொன்னேனே

முதல் வாரம் மூன்றாம் நாளே தேசம்மாவின் வண்டி பாலத்தின் நடு ஏற்றத்தில் நின்றது. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி, மறைப்பானேன். பாலத்துக்கே போய், மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி முழுசாகக் காட்டியது. அப்படியானால் சின்னதுதான் பாரம் தாங்கவில்லை என்றேன். சீட்டுப் போட்டவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

இரண்டாம் வாரம் அவருக்கு ஊளை. அதுவும் பாலத்தில் நின்றது. மலிவுச் சரக்கு, வேறென்ன செய்யும் என்றேன். போதாததற்கு, ஆக்சிலேட்டரை மாவு பிசைவதுபோல் திருகாதீர்கள், கூடையைப் பாதியாகக் குறையுங்கள் என்று அவருக்கும் ஒரு வகுப்பு எடுத்தேன். அன்றும் பஸ். அதே கண்டக்டர். பஸ் படி மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டாயே, எங்கே உன் வண்டி என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டாராம். இதை என்னிடம் சொன்னபோது தேசம்மாவின் குரல் உயரவே இல்லை.

"பாதிக் கூடைக்குப் பாதி வயிறுதான் பாய், அத யார் வயித்துல கொறைக்கிறதுனு நீயே சொல்லு."

பெரியதும் நின்றது

மூன்றாம் வாரம் பெரியது தேசம்மாவுக்கு வந்தது. இனி பாருங்கள் என்று நானே மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை பாலத்தில், அதே ஏற்றத்தில், நின்றது. தேசம்மாவும் முனுசாமியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். நான் சென்னை வியாபாரியைத் திட்ட ஆரம்பித்தேன். கம்பெனியைத் திட்டினேன். பாலம் கட்டிய இன்ஜினியரையும் விடவில்லை.

 முனுசாமி வண்டியில் அந்த வாரம் இருந்தது, தேசம்மா கருவாட்டுக்குக்கூட ஆகாது என்ற சின்னது. அதை வைத்துக்கொண்டு முழு ஐஸ் பாரத்தோடு தினம் இரண்டு நடை அதே பாலம் ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு முறைகூட நிற்கவில்லை. நான் மூச்சு வாங்கியபோது சொன்னார்:

"மூணு பேரு மாறி மாறி வல கட்டியும் ஒரே எடத்துல மீன் படலன்னா, வலைய இன்னாத்துக்குத் திட்டுற? எடத்தப் பாரு."

டேப்

இடத்தைப் பார்த்தேன். தேசம்மாவின் மீன் கூடைக்கு நேர் கீழே, பேட்டரியிலிருந்து வருகிற தடித்த ஒயரில் ஒரு முடிச்சு. கறுப்பு டேப். உரித்தால் உள்ளே கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. கூடையின் உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து அரித்திருந்தது. வண்டி சும்மா நிற்கும்போது மீட்டர் சரியாகத்தான் காட்டும். பாரத்தோடு மேடு ஏறி மோட்டார் கரண்டைக் கேட்கும்போது, அந்த இற்றுப்போன இணைப்பு கொடுக்காது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து எந்தக் கன்ட்ரோலரும் நின்றுவிடும். மூன்றும் சரியாகத்தான் வேலை செய்திருக்கின்றன.

அந்த ஒயரை முறுக்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. தேசம்மாவின் வண்டியை மாற்றிய அன்று வெள்ளிக்கிழமை. ஒயர் நீளம் போதவில்லை, தொழுகைக்கு நேரமாகிவிட்டது, வந்து ஈயம் உருக்கி வைத்துக்கொள்ளலாம் என்று முறுக்கி டேப் சுற்றிவிட்டு ஓடியவன் நான். வந்ததும் மறந்தவனும் நான். முனுசாமி அந்த டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வாரம் அந்தப் பெண்ணைப் பஸ் படியில் நிற்க வைத்தது நான்தான். ஒயரை முழுசாக மாற்றி ஈயம் வைத்து முடிக்கும்வரை தேசம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முழுக் கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார்:

"அந்தக் கண்டக்டர் கேட்ட பேச்செல்லாம் உன்னுது பாய், நான் உனக்காகத்தான் வாங்கிக்கினு வந்தேன்."

மூன்று கன்ட்ரோலர்களை மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்ததில் பாலம் ஏறத் தேறாதது மெக்கானிக் ஒருவன்தான்.