தங்கைக்குப் பூக்கட்டிப் பார்த்த காலை

என் தங்கைக்குப் பேசிய மாப்பிள்ளையின் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். காரியாபட்டியைத் தாண்டி அருப்புக்கோட்டை வரும்வரை வயிற்றுக்குள் ஏதோ பிசைந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் கொடுத்த கேசரி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பாவம், கேசரி நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போவதில்லை. அப்பா, அம்மா, கல்யாணமான அக்கா என்று நாங்கள் போய் வீடு வாசலைப் பார்த்து, தண்ணீர் வசதியைப் பார்த்து, வந்து அவளுக்குச் சொல்ல வேண்டும். அங்கே போய் வாழப் போகிறவள் மட்டும் வீட்டில் உட்கார்ந்து எங்களுக்குச் சாப்பாடு செய்துகொண்டிருப்பாள். இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்கள் என் கையில் மாட்டினால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. புது வீடு. போர்வெல்லில் நல்ல தண்ணீர்; எங்கள் பக்கத்தில் அதற்காகவே பெண் கொடுப்பார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஹார்டுவேர் கடை. நாங்கள் போனபோது அவர் கடையிலிருந்து வந்திருக்கவில்லை. அவருடைய அம்மாவும் அண்ணியும் என்னையும் அம்மாவையும் அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அண்ணி வாயாடி. தன் கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்த கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. கதை பாதியில் நின்றுபோனது. அண்ணி கையிலிருந்த போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பு மேடையை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை சிரித்த முகமாகத்தான் உள்ளே வந்தார். "வாங்க, எல்லாரும் காப்பி சாப்பிட்டீகளா?" என்று பதவிசாகக் கேட்டார். வீடு கட்டி எத்தனை வருஷமாகிறது என்று நான் அவருடைய அம்மாவிடம் கேட்டேன். அவர் மகனின் முகத்தைப் பார்த்தார். மகன் தலையை லேசாக ஆட்டினார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பதில் வந்தது.

அவ்வளவுதான் நான் பார்த்தது. நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறவள். பிள்ளைகள் பிரியத்தில் அமைதியாக இருக்கும் வகுப்பும், பயத்தில் அமைதியாக இருக்கும் வகுப்பும் வராந்தாவில் நடக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அந்த அடுப்படியில் இருந்தது இரண்டாவது அமைதி. அதற்குள்தான் என் தங்கை போய் நிற்கப் போகிறாள்.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். "இந்த எடம் வேணாம்ப்பா."

"ஏன்? என்ன கொறையக் கண்ட?"

"கொறைன்னு ஒண்ணும் சொல்லத் தெரியல. மனசுக்குச் சரியாப் படல."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "வார்த்தை குடுத்தாச்சுத்தா. மனசுக்குப் படலன்னு சொல்லி ஒரு எடத்த நிறுத்த முடியுமா? அவுகளுக்கு என்ன காரணம் சொல்றது?" என்றார்.

எனக்கு முன்கோபம் அதிகம். அப்பா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். திருச்சுழி, நரிக்குடிப் பக்கமிருந்து வரும் மூட்டைகளுக்குள் கையை விட்டு ஒரு பிடி வத்தலை அள்ளி, காதோரம் குலுக்கி, "இது வேணாம், எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் அடியில் ஈர வத்தல் இருக்கும். இதையெல்லாம் சொல்லிக் கத்தினேன். "வத்தலுக்கு இருக்குற மரியாத எங்களுக்குக் கெடையாதாப்பா?" என்று கேட்டுவிட்டேன். அப்பாவின் முகம் சுருங்கிப் போனது. கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் கேட்டாயிற்று.

அம்மா எங்கள் இருவருக்கும் தட்டு வைத்தார். அப்பா பேச்சுக்கு அம்மா எதிர்ப்பேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. அதற்காக அன்று அம்மா மேலும் எனக்குக் கோபம்.

அப்பாவையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. தங்கைக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. இரண்டு இடம் பேசி ஜாதகத்தில் தட்டிப்போனது. எங்கே போனாலும், "சின்னவளுக்கு எப்ப?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர் களைத்திருந்தார். தங்கை மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த அவசரமும் அந்தப் பிரியத்திலிருந்துதான் வந்தது.

மொட்டை மாடியில் தங்கை துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "அவரு ஒன்ட்ட எப்டிப் பேசுறாரு?" என்று கேட்டேன்.

"அக்கறையாத்தான் பேசுறாரு. நேத்து தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்தேன், போன எடுக்கல. பதினேழு தடவ கூப்புட்டுட்டாரு" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும், "போன் அடிச்சா வயித்தக் கலக்குதுக்கா. கல்யாணம்னா எல்லாருக்கும் அப்டித்தானா? ஒனக்கும் இருந்துச்சா?" என்றாள்.

"எனக்கு ஓங்க மாமா போன் அடிச்சாப் பசிக்கும். பேசி முடிக்கிறதுக்குள்ள ஒரு பாக்கெட் முறுக்கு காலியாயிரும்."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே நின்றேன். அவள் பிறந்தபோது எனக்குப் பத்து வயது. நான்தான் தூக்கி வளர்த்தேன் என்று இன்றைக்கும் சண்டை போடுவேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்பா ஒரு வழி சொன்னார். "ஒனக்கு மனசில்ல. எனக்கு வார்த்தைய மாத்த முடியல. நம்ம கொலசாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். அவ என்ன சொல்றாளோ அதுதான்."

எங்கள் வீடுகளில் முடிவு தெரியாத காரியத்துக்கெல்லாம் கடைசியில் இதுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். சிவப்பு வந்து நின்ற கல்யாணத்தைப் பற்றி யாரும் யாரையும் காரணம் கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

பாதிக்குப் பாதி என்று என் தங்கையைக் கொண்டுபோய் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நரிக்குடிப் பக்கம் இருக்கும் கோவிலுக்குக் கிளம்பும்போது என் கைப்பையில் நாலு செவ்வரளிப் பூ இருந்தது. என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் சாமி கும்பிடுகிற மனிதர். ஆனாலும், "மாட்டிக்கிட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லிரு" என்றார். இந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் பசிக்கும்.

கோவிலில் அம்மாதான் பூக்களை வாழை இலைத் துண்டில் மடித்து நாரால் கட்டினார். அப்பாவும் தங்கையும் பூசாரியை அழைத்துவரக் கண்மாய்க் கரைப் பக்கம் போயிருந்தார்கள். அம்மா பொட்டலங்களைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனார். அம்மனை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால் ஒரு நல்ல மனிதனின் பெயரைக் கெடுத்தவளாவேன் என்ற எண்ணம் அப்போதும் வந்தது. தப்பாக இல்லாமல் இருந்தால் என்று நினைத்ததும் முதல் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன்.

செவ்வரளி இருந்தது. சரி, வெள்ளை மற்றதில் என்று அதைக் கட்டி வைத்துவிட்டு இரண்டாவதைப் பிரித்தேன்.

அதிலும் செவ்வரளிதான் இருந்தது.

நிமிர்ந்தால் அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே நிற்கிறார். அம்மா குனிந்து, என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, பழையபடி மடித்துக் கட்டினார்.

"அந்த வீட்ல உள்ரூம் கதவப் பாத்தியா?" என்றார், குரலை உயர்த்தாமல். "உள்பக்கம் தாப்பாளே இல்ல. போட்டுப் புடுங்குன தடம் இருக்கு. புது வீட்ல எதுக்குத் தாப்பாளப் புடுங்குறாக?"

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"தாப்பா இல்லன்னு ஒரு கல்யாணத்த நிறுத்த முடியுமான்னு கேப்பாரு. ஒன்ட்டயே கேட்டுட்டாருல்ல."

"சாமி குத்தமாகாதாம்மா?"

அம்மா அம்மனுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். "அவளும் பொம்பளதான. புரிஞ்சுக்கிருவா" என்றார்.

நான் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, வாய் இல்லாதவர் என்று நினைத்திருந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது. பூசாரி வந்தார். அவருடைய பேத்தி, மூன்று வயதிருக்கும், கையில் பிஸ்கட்டுடன் வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். மற்றதை அம்மா தன் மடியில் வாங்கிக்கொண்டார். அப்பா சிவப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தங்கை குனிந்த தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். திட்டு வாங்கத் தயாராக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாதான் எடுத்தார். அப்பா விஷயத்தைச் சொல்லி, மன்னிச்சுக்கங்க என்றார். அந்தப் பக்கம் மெதுவாக ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டார். அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாக?" என்று அம்மா கேட்டார்.

"நல்லதாப் போச்சுண்ணேங்குது அந்தம்மா. ஒங்க புள்ளையப் பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொல்லுது." அப்பா போனை மடியில் வைத்தார். "பெத்த தாயி சொல்லுது."

அவர் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு அந்த வீட்ல ஒனக்கு என்னத்தா தோணுச்சு? சொல்லு" என்றார். பைக் சத்தத்தில் பாதியில் நின்ற சாம்பார்க் கதையைச் சொன்னேன். அம்மா தாழ்ப்பாளைச் சொன்னார். பொட்டலத்தை மட்டும் நாங்கள் இருவரும் இன்றுவரை சொல்லவில்லை. அப்பா குறுக்கே ஒரு கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

கடைசியில் தங்கையிடம், "நீ சொல்லு தாயி" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா."

அப்பா காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை. தங்கை மடியிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பக் கூப்புடுவாரோன்னு, குளிக்கப் போறப்பக்கூட போன பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ள கொண்டு போனேம்ப்பா" என்றாள்.

அப்பா எழுந்து வந்து அவள் கையிலிருந்து அந்தப் போனை வாங்கினார். அதை அணைக்கத் தெரியாமல் அங்கேயும் இங்கேயும் அழுத்திப் பார்த்துவிட்டு, அப்படியே தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"போத்தா. போயி நிம்மதியாக் குளிச்சிட்டு வா" என்றார்.

ஒரு மணி நேரமாகியும் அவள் வெளியே வரவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒரு நாள். ஒருவரும் அவளைச் சீக்கிரம் வரச் சொல்லவில்லை.