சிப்பிப் பாறைக்குக் கீழே

கணக்கில் எனக்குக் கர்வம் உண்டு. வேதத்திலுள்ள முற்பிதாக்களின் வயதை ஒவ்வொன்றாகக் கூட்டி, பூமி உண்டாகி ஆறாயிரம் வருஷம் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். கூட்டலில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை. அந்தக் கூட்டலை நம்பித்தான் எங்கள் சபைக் கிணற்றைக் கெடுத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கடியப்பட்டணத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தது எங்கள் தெரு. குடிதண்ணீருக்குப் பெண்கள் ஒரு மைல் நடந்து குளத்துக்குப் போக வேண்டும். என் மனைவிக்கு அதற்குள் இரண்டு கர்ப்பம் கலைந்திருந்தது. மூன்றாவதை மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, குடம் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஆண்பிள்ளை குடம் சுமந்தால் ஊர் சிரிக்கும் என்று நினைக்கிற ஜாதி நான். அதனால் அவளிடம், “கொஞ்ச நாள் பொறு, வாசல்லயே கிணறு வருது” என்று வாக்குக் கொடுத்தேன். பெண்கள் சமைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று எடுத்து வைத்த பிடியரிசியை விற்றுத்தான் வேலையைத் தொடங்கினோம்.

மூன்று ஆள் ஆழத்தில் செம்மண் முடிந்து சிப்பிப் பாறை வந்தது. மயிலாடியிலிருந்து கல் உடைக்கிற இரண்டு பேரை வரவழைத்தோம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த வாத்தியார், உடைந்த துண்டு ஒன்றைக் கழுவி என்னிடம் கொண்டுவந்தார். சின்ன வயதுக்காரர், காலேஜில் படித்தவர்.

“அண்ணாச்சி, பாருங்க. பெரிய சிப்பி மேல குஞ்சுச் சிப்பி ஒட்டி வளந்திருக்கு. அது மேல இன்னொண்ணு. கடலு இங்கயே ரொம்பக் காலம் கெடந்திருக்கு. கீழ போகப் போக உப்புதான் வரும். மேட்டுல தோண்டுங்க.”

“எத்தன வருசம் கெடந்ததாம்?”

“ஆறாயிரத்துல அடங்காது, அண்ணாச்சி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிருஷ்டிப்பின் ஒரு நாள் என்பது நீண்ட யுகமாகவும் இருக்கலாம், அதனால் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வராது என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நான் கேட்டால்தானே. மறுநாள் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

“இந்தச் சிப்பியெல்லாம் ஜலப்பிரளயம் கொண்டு போட்டது. அது ஒரே ஒரு வருசந்தான் நின்னது. ஒரு வருசத்துல எவ்வளவு சிப்பி சேரும்? இன்னும் ஒரு ஆள் ஆழம், அவ்வளவுதான். அதுக்குக் கீழ ஆண்டவரு ஆதியில உண்டாக்கின நல்ல மண்ணும் நல்ல தண்ணியும் இருக்கு.”

எல்லோரும் ஆமென் என்றார்கள். மேட்டு நிலத்தில் ஒரு மூலையைக் கிணற்றுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த பக்கத்துத் தெரு விவசாயியிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். வாத்தியார் வேதத்துக்கு விரோதமாகப் போதிக்கிறார் என்று மிஷனுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அவரை மார்த்தாண்டம் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

பாறைக்குள் ஒரு ஆள் ஆழம் போனோம். சிப்பி. இரண்டு, மூன்று என்று போனோம். சிப்பிதான். நான் தினமும் குழிக்குள் எட்டிப் பார்த்து, நாளைக்கு முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது ஆள் ஆழத்தில் ஊற்று பீறிட்டது. இறங்கியிருந்தவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினார். பிடியரிசிப் பணம் தீர்ந்திருந்தது. மேட்டு நிலத்துக்காரரைத் தேடி ஓடினேன். நாங்கள் வேண்டாம் என்றதும் அதை அவர் வேறு ஆளுக்கு விற்றுவிட்டாராம்.

அன்று மத்தியானம் மனைவி கஞ்சி ஊற்றி வைத்தாள். ஒரு வாய் குடித்தேன், ஒரே கரிப்பு. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“நம்ம கிணத்துத் தண்ணிதான். உப்பு போடல்ல, போட வேண்டி வரல்ல” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்துப் பாதையில் இறங்கினாள். நான் கஞ்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அந்தக் குடத்தை வாங்கியிருக்கலாம். தெருவில் ஆட்கள் நின்றார்கள்.

அந்த மாதமே அதுவும் கலைந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. ஓய்வுநாள் பள்ளியை விட்டுவிட்டேன். கோயிலுக்கு மட்டும் போகிறேன், ஜெபம் வருவதில்லை. அந்தச் சிப்பிகளுக்கு என்ன வயது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கலைந்த பிள்ளைக்கு ஐந்து மாதம்.