வடசேரி பஸ்ஸில் ஓர் ஆமென்

நாற்பது வயதில் எனக்கு ஆங்கிலப் பரீட்சை. தேறாவிட்டால் குமாஸ்தா வேலை போய்விடும். வடசேரியில் பஸ் ஏறியதுமே கண்ணை மூடி, வாக்கிய வகைகளுக்கு ஆங்கில உதாரணங்களை முணுமுணுக்க ஆரம்பித்தேன். பயத்தில் கட்டளை வாக்கியம் கெஞ்சலாகவும் வியப்பு வாக்கியம் அழுகையாகவும் வந்தன.

"ஆமென்" என்றார் பக்கத்திலிருந்தவர். கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை. குடைப்பிடியில் நெற்றியைச் சாய்த்து, இவ்வளவு நேரமும் என்னோடு ஜெபித்திருக்கிறார்!

"இங்கிலீஷ் தெரியாது, ஆனா உருக்கமான ஜெபம். எந்த சபை, ஓய்?"

"நான் சைவம். நாளைக்குப் பரீட்சை, இலக்கணம் படிக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "ஆமென் சொல்லியாச்சு. இனி திருப்பி எடுக்க முடியாது. நீரு பாஸாவீரு."

பாஸானேன். நேர்ந்தபடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அதில் ஒரு மூடியை அந்த மனிதருக்கு எங்கே கொண்டு கொடுப்பதென்று முழித்துக்கொண்டு நின்றேன்.