லைசென்ஸ் இருக்குதுங்க என்றேன்

என்னிடம் லைசென்ஸ் இல்லை. இருக்கிறது என்று சொன்னேன். முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, வாய் கூசாமல் சொன்னேன்!

இன்று என் அலுவலகச் சுவரில் ஒரு லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஆள் கேட்டு வருகிற நீங்கள் அதைப் பார்த்ததும், ‘பரவாயில்லை, ஒழுங்கான இடம்தான்’ என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறீர்கள். அது எப்படி அங்கே வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

நான் செல்வி. நீலகிரியில் நடுவட்டம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள்; சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். தோட்டத்தில் வேலை நாட்கள் குறையக் குறைய, லயத்துப் பெண்களை ஜீப்பில் ஏற்றி மசினகுடி ரிசார்ட்டுகளுக்கு அனுப்பத் தொடங்கினேன். அறை பெருக்க, துணி துவைக்க, சமையலறையில் கூடமாட நிற்க. ஐந்தாறு பேராக இருந்தது முப்பதைத் தாண்டியது. அத்தனை பேரை ஒப்பந்தத்தில் அனுப்பினால் தொழிலாளர் துறையில் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இங்கேயும் ஒரு பொய் சொல்ல மாட்டேன்.

கோகிலா மேடம் கோயம்புத்தூர்க்காரர். மசினகுடியில் ரிசார்ட் நடத்துகிறார். முதல் நாளே கேட்டார்.

“ஏனுங்க செல்வி, லைசென்சு கிசென்செல்லாம் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க மேடம்.”

அவ்வளவுதான். எடுத்துக் காட்டச் சொல்லவில்லை. நம்பினார்.

அதற்குப் பிறகு நான் மாட்டிக்கொண்டதைக் கேளுங்கள்... அந்த லைசென்ஸ் வாங்க முதலில் வேண்டியது, ‘இவர் மூலம்தான் நான் ஆள் எடுக்கிறேன்’ என்று வேலை கொடுப்பவர் கையெழுத்துப் போட்டுத் தரும் சான்று. அதைத் தர வேண்டியவர் மேடம். அவரிடமோ லைசென்ஸ் கையில் இருக்கிறது என்று ஏற்கெனவே அளந்துவிட்டேன்! இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அடுத்த மாதம், அடுத்த சீசன் என்று தள்ளிக்கொண்டே போனேன். கேட்டிருந்தால் அன்றைக்கே போட்டுத் தந்திருப்பார் அந்த மனுஷி.

ஐப்பசி மழையில் மேடத்தின் ரிசார்ட்டில் முத்துலட்சுமி விழுந்தாள். ஈரப் படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு கல் படிகளில் இறங்கியவள், வழுக்கி வலது தோளில் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டாள். என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்தவள். ‘நீ கூப்பிட்டா நான் வராம இருப்பேனாக்கா’ என்று முதல் ஜீப்பில் முதல் ஆளாக ஏறியவள்.

விசாரிக்க அதிகாரி வந்தார். மேடம் எனக்குப் போன் செய்தார். “அந்த லைசென்சைக் கொஞ்சம் கொண்டாங்க செல்வி.”

“புதுப்பிக்கக் குடுத்திருக்கேனுங்க மேடம்... ஆபீசுல கிடப்புல போட்டுட்டாங்க.”

அடிப்பாவி! உன் நாக்கு அழுகாதா என்று என்னை நானே எத்தனை முறை கேட்டிருப்பேன்! முகம் தெரியாத ஒரு குமாஸ்தாவின் தலையில் பழியைப் போட்டேன்.

ஆள் அனுப்பியவள் கைவிட்டால் பொறுப்பு ஆள் எடுத்தவர் மேல்தான் விழும் என்று அதிகாரி மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார். லைசென்ஸ் இல்லாததற்கு என் பேருக்குத் தனியாக நோட்டீஸ் வந்தது, மேடம் காதுக்கு எட்டாமல் அபராதம் கட்டினேன், அது பெரிதில்லை. ஆனால் மேடம்... ஒரு வார்த்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆபரேஷன் செலவு முழுவதையும் ஏற்றார். அவள் படுத்திருந்த நாட்களுக்கும் கூலி கொடுத்தார். அதோடு விட்டாரா? “புதுப்பிக்கறதுக்கு எங்கிட்ட இருந்து என்ன வேணுமோ சொல்லுங்க, நான் போட்டுத் தர்றனுங்க” என்று அவராகவே கேட்டு, நான் கேட்கக் கூசிய அந்தச் சான்றைத் தந்தார். அதை வைத்துத்தான் என் முதல் லைசென்சை வாங்கினேன். நீங்கள் சுவரில் பார்ப்பது அதுதான்.

அந்த அம்மாள் நன்றாக இருக்க வேண்டும்! அவரால் முப்பது வீட்டில் அடுப்பு எரிகிறது. ஜீப் புறப்படும்போதெல்லாம் நான் மனதுக்குள் கும்பிடுவது அவரைத்தான். தெரிந்தவர்களிடமெல்லாம், “நம்ம செல்விகிட்ட ஆள் எடுங்க, நேர்மையான புள்ளைங்க” என்று சொல்லி அனுப்புகிறார். உங்களையும் அவர்தானே அனுப்பினார்?

ஆகவே சொல்கிறேன். என்னைப் போன்றவர்கள் வந்து நின்றால் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். லைசென்சைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் இடத்தின் பெயர் இருக்கிறதா, எத்தனை பேருக்கு, எதுவரை செல்லும் என்று படியுங்கள். வேறோர் இடத்துக்கு வாங்கியதைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்னுடையதையும் கழற்றிப் பாருங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவும் உங்களிடம் சொல்கிற நான் மேடத்திடம் சொன்னேனா? இல்லை... சொல்ல வேண்டும் என்றே இரண்டு முறை மசினகுடிக்குப் போனேன். டீ கொடுத்தார். “முத்துலட்சுமிக்குத் தேவலைங்களா?” என்றார். தேவலைங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

தேவலையாம்! ஆஸ்பத்திரிப் பணத்தை மேடம் என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். நான் கவுண்ட்டரில் கட்டுவதை முத்துலட்சுமி ஸ்ட்ரெச்சரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யார் பணம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால், அவங்க ஏன் கட்டணும் என்று கேட்பாள். அடுத்து லைசென்ஸ் பேச்சு வரும்... பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அவள் என் அலுவலகத்தில்தான் இருக்கிறாள். ஜீப் வரும் நேரத்தைப் பெண்களுக்குப் போனில் சொல்வது அவள் வேலை. வந்தவுடன் தினமும் சொல்வாள்: “நீங்க மட்டும் இல்லாட்டி என் கதி என்னாயிருக்கும்க்கா!”

சொல்லிக்கொண்டே கும்பிடுவாள். வலது கை நெஞ்சு உயரத்துக்கு எழும்பாது. இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்து, இரண்டையும் சேர்த்து என்னைக் கும்பிடுவாள். நான் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.